உலர்ந்து இறுகும் சர்க்கரைப் பூ
(பொட்டிப்புரத்தில் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



பொட்டிப்புரம் என்னும் பெயர் நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தின் காரணமாகப் பல ஆண்டுகள் செய்தித்தாள்களில் அடிபட்டு வந்தது. இன்று நாம் பேச வந்திருப்பது மலையைப் பற்றியன்று. கேக்கின் மேல் வைக்கும் சர்க்கரைப் பூவைப் பற்றியது. இதைக் கேட்டதும் பின்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் சிலருடைய முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். கண்மாய்க்குத் தூர், தெருவுக்குச் சாக்கடை, தோட்டத்துக்குப் பாதை என்று பேச வேண்டிய அலுவலர் கேக்கையும் பூவையும் பற்றிப் பேசுவதா என்று அவர்கள் எண்ணுவதில் தவறில்லை. ஆனால் சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் இவ்வட்டாரத்து மகளிர் குழு ஒன்று இந்தப் பூவினாலேயே நட்டமடைந்தது. அந்த நட்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு வேறு எதைப் பேசினாலும் நம் மனச்சாட்சி ஒப்பாது.

நடந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். அக்குழுவினர் பண்டிகைக் காலத்தில் பிளம் கேக் செய்து பக்கத்து ஊர்களில் விற்றுவந்தவர்கள். கைப்பக்குவம் உள்ளவர்கள். மலைக்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் பேக்கரியிலிருந்து, கிறிஸ்துமஸ் கேக்குகளின் மேல் வைப்பதற்குச் சர்க்கரையாலான 600 சிறு பூக்களும் 80 மணிகளும் வேண்டும் என்று கேட்டார்கள். குழுவின் உள்கடனில் பணம் எடுத்துச் சர்க்கரையும் கருவிகளும் அட்டைப் பெட்டிகளும் வாங்கப்பட்டன. ஒரு நாள் பயிற்சிக்கு நாமே ஏற்பாடு செய்தோம். பயிற்சி நடந்தது குளிரூட்டப்பெற்ற கூடம் ஒன்றில். அங்கே பிழிந்து வைத்த பூக்கள் மாலைக்குள் கலகலவென்று உலர்ந்துவிட்டன. எல்லாருக்கும் மகிழ்ச்சி. “அடைமழையில் இது எப்படி உலரும்?” என்ற ஒரு கேள்வியை அன்று நாம் கேட்கவில்லை. குழுவினர் கூச்சத்தால் கேட்கவில்லை. நாமோ அறியாமையால் கேட்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக் கொட்டகையில் பரப்பி வைத்த பூக்களின் மேற்புறம் உலர்ந்தது. அடிப்புறம் பிசுபிசுவென்றே இருந்தது. நாள் நெருங்கிவிடவே, குளிரில் இறுகும் என்று நம்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்கள். அதுவே பெரும் பிழையாயிற்று. பெட்டிகள் பேருந்தில் மலையேறிப் போய்த் திறந்து பார்க்கையில் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகக் கிடந்தன. கடைக்காரர் வாங்க மறுத்தார். அவர்மீது குறை சொல்ல இடமில்லை. உள்கடனுக்கு வட்டி மட்டும் மாதந்தோறும் ஏறிற்று.

அதன்பின் இதனைக் கற்றவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும், நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே செய்து பார்த்தும் சில உண்மைகளைத் தெரிந்துகொண்டோம். அவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

சர்க்கரையைக் கல்போல் இறுகச் செய்யும் வழிகள் இரண்டு. ஒன்று நம் பாட்டிமார் அறிந்தது. வெல்லத்தையோ சர்க்கரையையோ நீர்விட்டுக் காய்ச்சிக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று ஏற்றிக்கொண்டே போய், தண்ணீரில் விட்டால் நொறுங்கும் பதத்தில் இறக்குவது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அவ்வழியில் பிறந்ததே. இதில் நீரை வெளியேற்றுவது நெருப்பு. மற்றொன்று நெருப்பின்றிச் செய்வது. மாவுபோல் அரைத்த சர்க்கரையை முட்டையின் வெண்கருவோடு அடித்துக் குழம்பாக்கிப் பிழிந்து வைத்தால், காற்றே நீரை உறிஞ்சிக்கொள்ளும், பூ இறுகிவிடும். இதற்கு ராயல் ஐசிங் என்று பெயர். இங்கிலாந்தில் 1840இல் விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கை இதனால் அலங்கரித்தமையால் இப்பெயர் வந்தது என்பர். பெயர் எப்படி வந்ததாயினும், வெண்கருவும் சர்க்கரையும் சேரும் கலை நமக்குப் புதிதன்று. தூத்துக்குடி மக்ரூன் வேறென்ன? வெண்கருவை நுரைக்க அடித்துச் சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்துக் கூம்பாகப் பிழிந்து இளஞ்சூட்டில் உலர வைப்பதுதானே அது? தூத்துக்குடிக்காரர்கள் கடற்கரையின் ஈரக்காற்றில் இருந்துகொண்டே இதைச் செய்கிறார்கள். அவர்கள் காற்றை நம்புவதில்லை. அடுப்பின் இளஞ்சூட்டை நம்புகிறார்கள். நாம் முதலிலேயே கவனித்திருக்க வேண்டிய செய்தி இது.

வெண்கருவில் ஏறத்தாழ நூற்றுக்கு 88 பங்கு நீர். 10 பங்குக்குச் சற்று மிகுதியாகப் புரதம். அடிக்கும்போது புரதம் வலைபோல் விரிந்து காற்றையும் சர்க்கரைத் துகளையும் பிடித்துக்கொள்கிறது. நீர் வெளியேறியபின் அவ்வலை இறுகிச் சர்க்கரையைச் சுவர்போல் நிற்க வைக்கிறது. சுவருக்குச் சாந்து எப்படியோ அப்படியே பூவுக்கு வெண்கரு. எண்ணெய்ப்பசை ஒரு துளி பட்டாலும் அந்த வலை அறுந்துவிடும். மஞ்சட்கரு சிறிது கலந்தாலும் அப்படியே. அதிலும் கொழுப்பு உள்ளதன்றோ?

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது. கடையில் ‘ஐசிங்’ என்ற ஒரே பெயரில் பலவற்றை விற்கிறார்கள். வெண்ணெய் சேர்த்த கிரீமும், நுரைக்க அடிக்கும் விப்பிங் கிரீமும் எந்நாளும் இறுகமாட்டா. ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவு, கேக்கைப் போர்த்துவதற்கு ஏற்றது. வெளித்தோல் காயும், உள்ளே மென்மையாகவே இருக்கும். உலர்ந்து இறுகுபவை ராயல் ஐசிங்கும், பிசின் சேர்த்த சர்க்கரை மாவும் ஆகும். பிசைந்த மாவில் இரண்டு தரம் உண்டு. ரோஜா இதழ்போல் மெல்லியதாக விரித்து வளைக்க உதவுவது கம் பேஸ்ட். தேவாலயக் கோபுரம், தொட்டில், வளைவு என்று நிமிர்ந்து நிற்க வேண்டியவற்றுக்கு உதவுவது பாஸ்டிலாஜ். பின்னது சில மணி நேரத்திலேயே சுண்ணாம்புக் கட்டிபோல் ஆகிவிடும். சர்க்கரைதான் என்றாலும் அதைக் கடித்தால் பல் போய்விடும், அது பார்ப்பதற்கே.

நம் குழுக்களுக்கு முதலில் ஏற்றது ராயல் ஐசிங்கே என்பது நம் கருத்து. செலவு குறைவு, அச்சுகள் வேண்டா, கையும் ஒரு காகிதக் கூம்பும் போதும். பிசின் மாவுக்கு ஃபாண்டன்ட் கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. தூள் சேர்த்துப் பிசைந்து, காற்றுப் படாமல் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். அந்தத் தூளை வாங்குகையில் மிகுந்த எச்சரிக்கை தேவை. நெசவுப் பாவுக்கும் சலவைத் தூளுக்கும் உபயோகமாகும் சி.எம்.சி.யும் சந்தையில் உண்டு. உறையின்மேல் உணவுக்குரியது என்ற குறிப்பும், 466 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குக. விலை மலிவென்று மூட்டைக் கடையில் அளந்து வாங்குவது கூடாது.

தேர்வில் இன்னொரு செய்தி உண்டு. நமக்கு நட்டம் வந்த வழிகளில் அதுவும் ஒன்றாகியிருக்கக் கூடும். இந்தப் பூ எந்தக் கேக்கின்மேல் அமரப் போகிறது என்பதை முதலிலேயே கேட்டறிய வேண்டும். நம் ஊர்ப் பேக்கரிகளில் பெரும்பாலும் விப்பிங் கிரீம் பூசிய கேக்கே விற்பனையாகிறது. அக்கிரீமில் நீர் மிகுதி. அதன்மேல் ராயல் ஐசிங் பூவை வைத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினால், எவ்வளவு நன்றாக உலர்ந்த பூவும் சில மணி நேரத்தில் அடியிலிருந்து கரையத் தொடங்கும். ஆகவே அத்தகைய கடைகளுக்குக் கொடுக்கும்போது, பூவின் அடிப்புறத்தை உருக்கிய சாக்லேட்டில் தொட்டு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். அல்லது விற்கும் நேரத்தில் மேலே வைக்குமாறு எழுதிக் கொடுக்க வேண்டும். உலர்ந்த பிளம் கேக்குக்கும், ஃபாண்டன்ட் போர்த்திய கேக்குக்கும், பிஸ்கட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

கரும்பு விளைவிக்கும் அன்பர் ஒருவர், “நாட்டு வெல்லத்தில் இப்பூ செய்யலாகாதா?” என்று வாசலிலேயே நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. வருத்தத்துடன் ‘இயலாது’ என்றே கூற வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் வெல்லம் கசிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெல்லத்தில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிந்து நிற்கிறது. இவை, ஃபிரக்டோஸ் குறிப்பாக, காற்றின் ஈரத்தை இழுத்துக் குடிப்பவை. வெள்ளைச் சர்க்கரை அவ்வளவு பேராசை கொண்டதன்று. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டும்வரை அது தானாகக் கரைவதில்லை. வெல்லத்துக்குரிய இடம் கேக்கின் உள்ளே, மேலே அன்று.

செய்முறைக்கு வருவோம். முட்டை மூன்றின் வெண்கரு ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். நாட்டுக் கோழி முட்டை சிறியதாகையால் எண்ணிக்கையை நம்பாமல் எடை போடுக. அதற்கு 500 கிராம் ஐசிங் சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போதுமானவை. எலுமிச்சை நுரையை நிலைப்படுத்தும். அளவு கூடினால் பூ நொறுங்கும். ஐசிங் சர்க்கரையை வீட்டில் மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாமா என்றால், அரைக்கலாம். ஆனால் மெல்லிய துணியில் இருமுறை சலிக்க வேண்டும். கூம்பின் நுனியில் ஒரு குருணை சிக்கினாலும் கோடு அறுந்துபோகும். கடையில் வாங்குவதில் கட்டிபிடிக்காதிருக்கச் சிறிதளவு சோளமாவு சேர்த்திருப்பார்கள், அதனால் கேடில்லை.

பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆக இருத்தல் நலம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் எத்தனை கழுவினாலும் எண்ணெய்ப்பசை ஒளிந்திருக்கும். மிக்ஸியின் வேகத்தில் அடிக்கலாகாது. வேகம் மிகுந்தால் குமிழி புகுந்து பூ பொரிபோல் உடையும். கை இயந்திரத்தில் மெதுவாக 7 முதல் 10 நிமிடம் அடித்தால், கரண்டியைத் தூக்கும்போது கூர் நின்று வளையாத பதம் வரும். பூவுக்கும் மணிக்கும் அந்தப் பதம். ஓரக் கோட்டுக்குச் சற்று இளக்கம் வேண்டும். கோட்டுக்குள் ஊற்றி நிரப்புவதற்கு இன்னும் இளகியதாக இருத்தல் வேண்டும். கத்தியால் கீறிய கோடு பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் அது சரியான பதம். நீரைத் துளித்துளியாகவே சேர்க்க வேண்டும். அடித்த ஐசிங்கை எப்பொழுதும் ஈரத்துணியால் மூடி வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் மேலே ஏடு படிந்து கூம்பை அடைக்கும்.

கேக்கைப் போர்த்தும் ஐசிங்கில் சிறிது கிளிசரின் சேர்ப்பது வழக்கம். கத்தி இறங்க வேண்டுமன்றோ? அதே வாளியிலிருந்து எடுத்துப் பூ பிழிந்துவிடுவார்கள் சிலர். கிளிசரின் உள்ள ஐசிங் முற்றும் இறுகாது. பூவுக்கான ஐசிங்கில் கிளிசரின் ஒரு துளியும் கூடாது.

இப்பொழுது முட்டையைப் பற்றி. இந்தப் பூ அடுப்பைக் காண்பதில்லை. பச்சை வெண்கருவே அதில் இருக்கிறது. சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் பச்சை முட்டையின் வழியாக மனிதருக்கு நோய் உண்டாக்கக் கூடியது. அதன் காரணமாகவே நம் அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தடை செய்தது. கேரளத்தில் 2023இலேயே அத்தகைய தடை வந்தது. மயோனைஸ் வேறு, சர்க்கரைப் பூ வேறு என்று வாதாடலாம். குழந்தைகள் உண்ணும் பண்டத்தில் வாதாட்டத்துக்கு இடம் வைப்பானேன்? வெண்கருத் தூளை உபயோகிப்பதே அறிவுடைமை. முட்டைத் தூள் செய்யும் ஆலைகள் நம் மாநிலத்திலேயே ஈரோட்டுப் பக்கத்தில் உள்ளன. கிருமிநீக்கம் செய்தது என்று உறையில் கண்டு வாங்குக. தூள் 12 கிராம், கொதித்து ஆறிய நீர் 85 மில்லி, இரண்டையும் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் 500 கிராம் சர்க்கரைக்கு ஆகும். தூள் கிடைக்காவிடில், வெண்கருவையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இடைவிடாது கிளறி 71 பாகை வெப்பத்துக்கு ஏற்றிய பின் அடிக்கலாம். இதற்கு வெப்பமானி வேண்டும், விரல் போதாது. விரிசல் விட்ட முட்டையைத் தொடவே வேண்டா. தூளை உபயோகித்தால் மஞ்சட்கரு மிஞ்சும் கவலையும் இல்லை.

இனி உலர்த்துதல். நம் நட்டம் இங்கேதான் நேர்ந்தது. ஆதலின் சற்று விரிவாகவே கூறுவோம்.

பிழிந்து வைத்த பூ உலர்வது வெயிலால் அன்று, காற்றின் தாகத்தால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் அதற்குத் தாகம் இராது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிறு பூ ஓர் இரவில் உலரும்; கனமான மணிக்கு இரண்டு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த இரவில் இங்கே இரண்டு நாளன்று, ஒரு வாரம் வைத்திருந்தாலும் அடி உலராது. இதற்கு வழி என்ன? காற்றைச் சிறிது சூடாக்குவதே வழி. 25 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரமும் உள்ள காற்றை 32 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் சுமார் 57 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீர் குறையவில்லை. அதன் கொள்ளளவு பெருகிவிட்டது. ஏழு பாகை வெப்பம், அவ்வளவே!

போடியிலும் மலைமேலும் ஏலக்காய் உலர்த்துபவர்களுக்கு இதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அறையைச் சூடாக்குவது பாதி வேலை, ஈரமான காற்றை மேலே திறந்து வெளியேற்றுவது மறுபாதி என்று அவர்கள் அறிவார்கள். வெளியேற்றாவிட்டால் காய் வெந்து நிறம் கெடும். அதே நுட்பத்தைப் பூவுக்குச் சிறிய அளவில் செய்ய வேண்டும். பழைய மர அலமாரி ஒன்று போதும். அடித்தட்டில் 60 வாட் இழை பல்பு ஒன்று, கீழே இரண்டு விரற்கடைத் துளைகள் நாலு, மேலே அவ்வாறே நாலு, துளைகளுக்குக் கொசுவலை. இடையில் கம்பித் தட்டுகள். பல்புக்கும் முதல் தட்டுக்கும் இடையே ஒரு தகடு இருக்கட்டும். இல்லையேல் வண்ணம் வெளுக்கும், கீழ்த்தட்டுப் பூ பழுப்பேறும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. உள்ளே 32 முதல் 38 பாகை இருந்தால் போதும். மின்கம்பி இணைப்பை மட்டும் தெரிந்தவரைக் கொண்டு செய்க. மரமும் மின்சாரமும் ஒன்றாயிருக்கும் இடத்தில் சிக்கனம் பார்க்கலாகாது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்து ஒரு நோட்டில் காலையும் மாலையும் எழுதி வைப்பது, அடுத்த ஆண்டுக்குப் பெரிய சொத்து.

பாதி உலர்ந்ததும் பூவைக் காகிதத்திலிருந்து உரித்து அடிப்புறம் மேலாகத் திருப்பி வைக்க வேண்டும். சென்ற ஆண்டு இதைச் செய்திருந்தால்கூடப் பாதிப் பூவாவது பிழைத்திருக்கும். உலர்ந்ததா என்று அறிய நகத்தால் அடியில் கீறிப் பார்க்கலாம். ஒன்றை முறித்தும் பார்க்கலாம். ‘டக்’ என்று ஓசை வந்தால் உலர்ந்தது; வளைந்து முறிந்தால் உலரவில்லை.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி முன்பே கூறினோம். குளிர்ந்த பூவை வெளியே எடுத்த கணமே, குளிர்ந்த செம்பின்மேல் நீர் வேர்ப்பதுபோல அதன்மேல் நீர் படியும். கரைவதற்கு அதுவே போதும்.

எறும்பு, தூசி ஆகிய இரண்டும் நம் ஊரின் நிரந்தர விருந்தாளிகள். அலமாரிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் பழக்கம். நல்லதே, ஆனால் கீழ்த்துளை அக்கிண்ணத்துக்கு நேர்மேலே இருந்தால், நீராவியை நாமே உள்ளே அனுப்பிக்கொண்டிருப்போம். துளை பக்கவாட்டில் இருக்கட்டும்.

இவ்வளவு பாடும் மழையில் படுவானேன் என்று ஒருவர் கேட்கக் கூடும். அதுவே எல்லாவற்றினும் முக்கியமான செய்தி. நன்கு உலர்ந்த ராயல் ஐசிங் பூ, காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்தால் பல மாதங்கள் கெடாது. கிறிஸ்துமஸுக்கு வேண்டிய பூவைக் கார்த்திகையில் செய்ய வேண்டும் என்று யார் விதித்தார்கள்? மழை தொடங்குமுன் புரட்டாசிக்குள் செய்து, அடுக்கடுக்காய் மெல்லிய காகிதமிட்டு மூடி வைத்துவிடலாம். இரண்டு கிராம் எடையுள்ள பூவானால் ஒரு கிலோ ஐசிங்கில் ஏறத்தாழ 500 பூ. ஒரு சிறு அலமாரியில் ஒரு பண்டிகைக்கு வேண்டிய அனைத்தும் அடங்கும். டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுபவர்கள், நீல நிறத்தது வேண்டா. அதில் கோபால்ட் உப்பு உள்ளது. வெண்மையானதைத் தைத்த பையிலேயே இடுக. சுட்ட சுண்ணாம்பைத் துணியில் கட்டிப் போடலாமே என்று ஒரு தாய் யோசனை கூறினார். ஈரத்தை அது உறிஞ்சும்தான். ஆனால் கண்ணையும் கையையும் பொசுக்குவது. உணவுக்கு அருகில் அது வேண்டா.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்து, 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். திருவிழாக் கடையில் பொட்டலமாக விற்கும் பளபளக்கும் ரோஜாநிறத் தூளைக் கண்டால் விலகிச் செல்க. உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணங்கள் மிகச் சிலவே: மஞ்சளுக்கு டார்ட்ரசீன், சன்செட் யெல்லோ, சிவப்புக்கு கார்மோசின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின், நீலத்துக்கு பிரில்லியண்ட் புளூ, இண்டிகோ கார்மைன், பச்சைக்கு ஃபாஸ்ட் கிரீன். இவற்றுக்கும் அளவுண்டு, உணவு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது. திரவ வண்ணம் ஐசிங்கை இளக்கிவிடும். களிம்பு அல்லது தூள் வண்ணமே ஏற்றது. கருஞ்சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு நம் யோசனை, வெள்ளைப் பூவிலே மனம் வைக்கச் சொல்வதே. அடர்ந்த நிறத்துக்கு வண்ணத்தை அள்ளிக் கொட்ட வேண்டும். ஈரம் பட்டதும் அது வெள்ளைக் கேக்கில் ஒழுகி அழுத முகம்போல் ஆகிவிடும். வெண்மைக்கு ஈடான நிறம் கேக்கில் இல்லை.

பிசின் மாவுப் பூக்களுக்குக் காம்பாகக் கம்பி செருகும் வழக்கம் உண்டு. அக்கம்பியை நேரே கேக்கில் குத்தலாகாது. பல்குத்தும் குச்சியை உள்ளே ஒளித்து வைப்பதும் கூடாது. கேக்கை முதலில் கடிப்பது குழந்தை.

சந்தை உண்டா என்பது உழவரின் கேள்வி. உண்டு என்றே நம்புகிறோம். மலைக்கு அப்பால் கேக்குப் பழக்கம் பழமையானது. தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1883இல் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது அங்கே பெருமையாகப் பேசப்படும் வரலாறு. இலங்கையில் திருமணக் கேக் என்றால், மேசைமேல் நிற்கும் அலங்காரக் கோபுரம் வேறு, விருந்தினருக்குக் கொடுக்கும் துண்டுகள் வேறு. கோபுரம் பெரும்பாலும் உள்ளே வெறும் நுரைக்கட்டை. மேலே உள்ள ராயல் ஐசிங் வேலைப்பாட்டுக்கே மதிப்பு. ஆகவே கேக் சுடாமல் பூ மட்டும் செய்தே வாழ்பவர்கள் உலகில் உண்டு. நம் பெண்கள் மார்கழிக் கோலத்தில் இழை பிசகாமல் மாவு விடுகிறார்கள். கூம்பிலிருந்து கோடு இழுப்பது அதே விரல்களின் வேலைதான். பயிற்சியிலேயே நகரத்துப் பெண்களைவிட நன்றாகப் பிழிந்ததை நேரில் பார்த்தோம்.

ஆனால் கணக்கில் ஏமாறலாகாது. சர்க்கரையும் தூளும் செலவில் சிறுபகுதி. பெரும்பகுதி கைநேரமும் உடைவும். நூறு பூ அனுப்பினால் சில உடையும். அதைக் கணக்கில் சேர்த்தே விலை சொல்லுக. முன்பணம் இல்லாத ஆர்டரை ஏற்க வேண்டா. கடைக்காரருக்கு முதலில் ஆறு பூ மாதிரி அனுப்பி, அவர் கேக்கின்மேல் ஒரு நாள் வைத்துப் பார்த்துச் சொன்னபின் வேலையைத் தொடங்குக. உணவுப் பாதுகாப்புப் பதிவு இன்றி விற்கலாகாது. அது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. முட்டை சேர்ந்த பொருளாகையால் பெட்டியில் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இட வேண்டும். சைவ உணவினர் அறியாமல் உண்ணும்படி விடுவது வியாபாரம் ஆகாது. பிசின் மாவில் முட்டை இல்லாமலும் செய்யலாம். ஜெலட்டின் சேர்ந்திருந்தால் அதுவும் சைவம் அன்று என்பதை நினைவில் வைக்க.

ஊர்ப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வேலைக்குத் தகரக் கொட்டகை ஏற்றதன்று; பகலில் கொதிக்கும், இரவில் வேர்க்கும். காரை போட்ட கூரையும், சன்னலுக்கு வலையும், தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை வேண்டும். இவ்வூரில் உபயோகமற்றுக் கிடக்கும் பொதுக் கட்டடங்களில் ஒன்றைச் செப்பனிட்டுக் கொடுப்பது பற்றி நீங்களே கூடிப் பேசி எழுதிக் கொடுத்தால், நம்மால் ஆனதைச் செய்வோம். சென்ற ஆண்டு நட்டப்பட்ட குழுவின் உள்கடனில் அசல் இன்னும் தீரவில்லை. வரும் பருவத்தின் முதல் வேலையை அவர்களுக்கே தருவது நியாயம் என்று நினைக்கிறோம். மற்றக் குழுவினரும் இதற்கு இசைய வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் செய்முறை நடைபெறும். அலமாரி ஒன்று தயாராகி வருகிறது. மழை பெய்தாலும் நடத்துவோம். மழை பெய்தால் இன்னும் நல்லது. சல்லடையும் எவர்சில்வர்க் கிண்ணமும் கொண்டுவருக. எண்ணெய் பட்ட பாத்திரத்தை மட்டும் வீட்டிலேயே விட்டு வருக.